நெட்வேர்க்கிங்: வலையா, பிணையா, ஆறா?

கணினியும் ஊடகமும் படிக்கிற இளம் பெண்களுக்காகக் கிளிநொச்சியில் நடந்த ஒரு பயிலரங்குக்கு மொழிபெயர்க்கப் போயிருந்தேன். கொழும்பிலிருந்து வந்த வளவாளர் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே போனார். "பெண்களுக்குத் திறமை மட்டும் போதாது, நெட்வேர்க்கிங்கும் வேண்டும்" என்றார். யோசிக்க நேரமில்லை. "வலையமைப்பாக்கமும் வேண்டும்" என்று சொல்லிவிட்டேன். முன்வரிசையில் இருந்த பிள்ளை அதைக் கொப்பியில் எழுதினாள். பக்கத்தில் ஒரு றவுட்டரைக் கீறி, அதிலிருந்து மூன்று கணினிகளுக்குக் கோடும் இழுத்தாள்.

அவளில் பிழையில்லை. பாடப்புத்தகத்தில் அவள் படித்த வலையமைப்பு அதுதான். வளவாளர் சொல்ல வந்ததோ, ஒரு துறையில் கால் வைத்த பெண் அடுத்தவளுக்கு அங்கே இடம் காட்டுவதைப் பற்றி. அவளுக்கு மிக வேண்டிய செய்தி என் ஒரு சொல்லில் தடம் மாறிப் போய்விட்டது. அதனால்தான் இந்தச் சொல்லைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கிறேன்.

ஆங்கிலத்தில் நெட் என்றால் வலை, வேர்க் என்றால் இங்கே வேலைப்பாடு. வலைபோல முடைந்த பொருள் எதுவும் முதலில் நெட்வேர்க்தான். 1611 இல் வந்த ஆங்கில வேதாகமத்தில், யாத்திராகமம் 27ஆம் அதிகாரத்தில், பலிபீடத்துக்குச் செய்யச் சொல்லும் வெண்கலச் சல்லடைக்கு இந்தச் சொல் வருகிறது. தமிழ் வேதாகமம் அதே இடத்தில் "வலைப்பின்னல்" என்கிறது. ஆகவே வலைப்பின்னல் என்பது கணினிக்காக நேற்று அவசரத்தில் கட்டிய சொல் அல்ல. கோயிலில் வாசிக்கக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது பழகிய சொல். பிறகு ஆங்கிலச் சொல் கால்வாய்களுக்கும் ரயில் பாதைகளுக்கும் போனது, வானொலி நிலையங்களுக்குப் போனது, கணினிக்கு வந்தது.

மனிதருக்கு அது வந்த வழிதான் நமக்கு முக்கியம். இங்கிலாந்தில் "ஓல்ட் போய் நெட்வேர்க்" என்பார்கள். பெரிய பள்ளிக்கூடங்களில் ஒன்றாகப் படித்த ஆண்கள் பிற்காலத்தில் பதவியையும் வேலையையும் தங்களுக்குள்ளேயே கைமாற்றிக்கொள்வது. நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. பழைய மாணவர் சங்கம் என்றால் போதும். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பெயர்பெற்ற பள்ளிக்கூடங்களுக்கு லண்டனிலும் ரொறன்ரோவிலும் கிளைகள் இருக்கின்றன. இடம்பெயர்ந்து, மரத்தடியிலும் தறப்பாளுக்குக் கீழேயும் பாடம் நடத்தி, திரும்பி வந்து மறுபடி தொடங்கிய ஒரு வன்னிப் பள்ளிக்கூடத்தில் படித்த பெண் பிள்ளைக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?

1970களில் அமெரிக்கப் பெண்கள் அந்த ஆண்களின் சொல்லையே எடுத்து வினையாக்கினார்கள். ஆண்களுக்குத் தானாகக் கிடைக்கிற தொடர்பைப் பெண்கள் கையால் முடைய வேண்டியிருந்ததால் அது வினைச்சொல் ஆனது என்று எனக்குப் படுகிறது. செயல் சொல்லுக்கு முந்தியது. 1933 இல், அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் தன்னுடைய செய்தியாளர் சந்திப்புகளுக்குப் பெண் நிருபர்களை மட்டுமே உள்ளே விட்டார். பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலம் அது. செய்தி வேண்டுமென்றால் ஒரு பெண்ணையாவது வேலையில் வைத்திருக்க வேண்டிய நிலை பத்திரிகைகளுக்கு வந்தது. தொழில்நுட்பத்தில் 1987 ஐச் சொல்வார்கள். கணினி இயங்குதளம் பற்றிய ஒரு மாநாட்டில் பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே இருந்ததைக் கண்ட அனிதா போர்க், அவர்களோடு பேசி, பிரிந்த பிறகும் மின்னஞ்சலில் தொடர்பு அறாமல் பார்த்துக்கொண்டார். "சிஸ்டேர்ஸ்" என்று அதற்குப் பெயர். 1994 இல் அவரும் டெலி விட்னியும் சேர்ந்து, மனிதர் எழுதும் நிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கு முன்னோடியான கிரேஸ் ஹொப்பரின் பெயரில் பெண் கணினியாளருக்கான பெருங்கூடல் ஒன்றைத் தொடங்கினார்கள். நம் பக்கத்தில், பெண்களையும் ஊடகத்தையும் சேர்த்து யோசித்த கூட்டமைப்பு ஒன்று கொழும்பில் 1984 இலேயே பிறந்துவிட்டது. இந்திய ஊடகப் பெண்களின் வலையமைப்பு 2002 இல் வந்தது.

வன்னிக்கு இந்தச் சொல் வந்த வழி வேறு.

இங்கே நெட்வேர்க் என்றால் முதலில் போன் சிக்னல். "நெட்வேர்க் இல்லை, பிறகு எடுக்கிறன்" என்று ஒட்டுசுட்டானில் காட்டோரம் நின்று சொல்வார்கள். அடுத்தது ஆள் சேர்க்கிற வியாபாரம். நீ இரண்டு பேரைச் சேர், அவர்கள் இரண்டு பேரைச் சேர்க்கட்டும் என்று நகையை அடகு வைக்கச் செய்த கூட்டங்கள். பிரமிட் திட்டம் இலங்கையில் சட்டத்துக்கு மாறானது. ஆனாலும் அது போட்டுவந்த சட்டை நெட்வேர்க் என்ற பெயர்தான். அதனால் "நெட்வேர்க் கூட்டம்" என்றால் இன்றைக்கும் சில தாய்மார் மகளை அனுப்ப யோசிக்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது.

தமிழ்ச் சொல்லைத் தேடினால் தமிழ்நாட்டுக் கணினி எழுத்தில் "பிணையம்" கிடைக்கிறது. பிணைதல், ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளுதல். இலக்கணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிணை என்றால் பெண்மான் என்றும் பொருள் உண்டு. "பிணையேர் மடநோக்கு" என்பது குறள். அழகான சொல்தான். ஆனால் வன்னியில் அதை நான் வாயெடுத்துச் சொல்லமாட்டேன். இங்கே பிணை என்றால் நீதிமன்றம். அதற்குப் பிறகு குழுக்கடன். போருக்குப் பின் வந்த நுண்நிதி நிறுவனங்கள் அயலிலுள்ள பெண்களைக் குழுவாக்கி, ஒருத்தியின் கடனுக்கு மற்றவர்களைப் பிணை நிறுத்தின. ஒருத்தியால் கிழமைக் காசு கட்ட முடியாவிட்டால் மற்றவர்கள் அவள் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். கோழிக்கூட்டை மூடச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுக்கிற உறவு அதில் முறிந்தது. 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்களின் சிறு கடன்களை அரசு தள்ளுபடி செய்ய வேண்டி வந்ததென்றால் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பெண்களைப் பெண்களோடு கட்டி, ஒருத்திக்கு எதிராக மற்றவளை நிறுத்திய ஏற்பாட்டின் பெயர் அது. பெண்ணுக்குப் பெண் துணை நிற்பதற்கு அதே சொல்லை வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

"இணையம்" இன்ரநெற்றுக்குப் போய்விட்டது. "ஒன்றியம்", "சமாசம்" எல்லாம் தலைவர், செயலாளர், பொருளாளர், யாப்பு என்று ஒரு மேசையைக் கொண்டுவந்து போட்டுவிடும். வலையமைப்பிலும் அந்த "அமைப்பு" என்ற பாதி அப்படித்தான் கேட்கிறது. பெயர்ச்சொல்லாக வலைப்பின்னலே எனக்குப் பிடித்தது, அதில் பின்னுகிற கை தெரிவதால். முல்லைத்தீவுக் கரையில் வலை பொத்துகிறவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு கண் அறுந்தால் முழு வலையையும் எறிவதில்லை. அறுந்த இடத்துக்குச் சுற்றியுள்ள முடிச்சுகளிலிருந்துதான் நூல் எடுத்துக் கட்டுகிறார்கள்.

ஆனால் வினைக்கு? அங்கேதான் நான் நீண்ட நாள் நின்றேன். பதில் இரண்டாயிரம் ஆண்டாக நம்மிடம் இருந்திருக்கிறது.

ஆற்றுப்படை. ஆறு என்றால் வழி, வழிப்படுத்துவது ஆற்றுப்படுத்தல். பத்துப்பாட்டில் பாதி, ஐந்து பாட்டு, இந்த வகை. வள்ளலிடம் போய்ப் பரிசு பெற்ற கலைஞர், இல்லாமையோடு எதிரே வருகிற இன்னொரு கலைஞரிடம் யாரிடம் போக வேண்டும், எந்த வழியால் போக வேண்டும், வழியில் யார் சோறு போடுவார்கள் என்று சொல்லி அனுப்புவது. தொல்காப்பியம் இதை ஒரே வரியில் வைக்கிறது: "பெற்ற பெருவளம் பெறாஅர்க்கு அறிவுறீஇ". தான் பெற்றதைப் பெறாதவருக்கு அறிவிப்பது. நெட்வேர்க்கிங் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எங்கும் காணவில்லை. அங்கே போட்டிப் பயமும் இல்லை, இவளும் போனால் எனக்குக் குறைந்துவிடும் என்ற கணக்கும் இல்லை.

இன்னும் கிட்டப் போனால் புறநானூற்றில் விறலியாற்றுப்படை என்றே ஒரு துறை இருக்கிறது. விறலி என்பவள் ஆடியும் பாடியும் பிழைக்கிற பெண் கலைஞர். அந்தக் காலத்து ஊடகக்காரி என்றே சொல்லலாம். 103ஆம் பாட்டில் வறண்ட சுரத்து வழியில் ஒரு விறலி குந்தியிருக்கிறாள். பதலை என்ற பறை ஒரு பக்கம், சிறுமுழா ஒரு பக்கம் தொங்குகின்றன. கையில் சில வளையல்தான். கவிழ்ந்து கிடக்கிற என் மண்டையை நிமிர்த்துகிறவர் யார் என்கிறாள். மண்டை என்பது உண்கலம். அவளுக்கு அதியமானிடம் வழி சொல்கிறது பாட்டு: போவாயானால் அவன் "சேணோன் அல்லன்", தூரத்தில் இல்லை; பஞ்ச காலமானாலும் காப்பாற்ற வல்லவன். பாடியவர் ஔவையார். ஒரு பெண் புலவர், ஒரு பெண் கலைஞருக்கு, தான் அறிந்த வாசலைக் காட்டுகிறார்.

அந்த வாசலின் உள்ளே இருந்தவன் அரசன், ஆண். அதை மறைக்க வேண்டியதில்லை. இன்றைக்கு வழி சொல்கிறவளே சில இடங்களில் வாசலையும் திறக்கிறாள் என்பது புதியது.

"சேணோன் அல்லன்" என்ற அந்த இரண்டு சொல் என் மனதில் நிற்பதற்குக் காரணம் உண்டு. கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது, ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகம் இருக்கிறது. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம். படிப்பு ஊருக்குள் வந்துவிட்டது. வேலை பெரும்பாலும் கொழும்பில், முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால். அங்கே போகிற பிள்ளையின் முதல் கேள்வி சம்பளம் அல்ல. எங்கே தங்குவது? எந்தப் போர்டிங்கில் இரவு வேலை முடிந்து வந்தாலும் கதவு திறப்பார்கள்? சுயவிபரக்கோவையை அனுப்பமுன் யார் ஒருக்கால் வாசித்துப் பார்ப்பார்? ஊரில் நின்று செய்தி அனுப்புகிற பெண்ணுக்கு வேறு கேள்விகள்: எந்தச் செய்தி ஆசிரியர் காசை ஒழுங்காகத் தருவார், பின்னேரக் கூட்டம் முடிந்து திரும்ப யாருடைய மோட்டார் சைக்கிளில் இடம் இருக்கும்? இதற்கெல்லாம் பதில் சொல்கிறவளை இங்கே மென்டர் என்றும் சொல்வதில்லை, வழிகாட்டி என்றும் சொல்வதில்லை. அக்கா என்கிறார்கள். "அந்த அக்காவிட்டைச் சொல்லிவிடுறன், நீ போய்க் கதை."

சொல்லிவிடுதல். பேச்சில் நெட்வேர்க்கிங்குக்கு வன்னியின் சொல் இதுதான். ஆளைப் பிடித்தல் வேறு, வால் பிடித்தல் வேறு; இரண்டும் மேலே பார்க்கிற வேலை. சொல்லிவிடுகிறவள் பின்னால் வருகிறவளைப் பார்க்கிறாள்.

ஆற்றுப்படுத்தல் என்பதில் ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். போருக்குப் பிறகு இங்கே அந்தச் சொல் உளவளத்துணைக்குப் போய்விட்டது. ஆற்றுப்படுத்துநர் என்றால், இழந்தவர்களின் பக்கத்தில் இருந்து கதை கேட்கிறவர். சனம் அதில் ஆறு என்ற வழியைக் கேட்பதில்லை; ஆற்றுதல் என்ற தேற்றலைத்தான் கேட்கிறது. பிறகொரு பயிலரங்கில் "இண்டைக்கு ஒருத்தரை ஒருத்தர் ஆற்றுப்படுத்தப் போறம்" என்று நான் தொடங்கியபோது, மகளோடு வந்திருந்த ஒரு அம்மா "ஆருக்குப் பிள்ளை என்ன நடந்தது?" என்று பதறிக் கேட்டார். பலகையில் "ஆறு = வழி" என்று எழுதி, அந்த விறலியின் கதையைச் சொன்னேன். "அப்ப ரெண்டும் ஒண்டுதானே" என்றார் அம்மா. சொற்பிறப்பில் அவை இரண்டு. அவர் வாழ்ந்த வாழ்க்கையில் துக்கம் கேட்டவளும் வேலைக்கு வழி சொன்னவளும் ஒரே ஆளாக இருந்திருக்கலாம். நான் திருத்தப் போகவில்லை.

ஆகவே கணினிகளை இணைப்பதற்கு வலையமைப்பு இருக்கட்டும்; பாடப்புத்தகத்தோடு சண்டை வேண்டாம். துறைசார் பெண்களின் தொடர்புக்கு வலைப்பின்னல். அந்தத் தொடர்பால் ஒருத்தி இன்னொருத்திக்குச் செய்வதை எழுத்தில் ஆற்றுப்படுத்தல் என்றும், வீட்டிலும் வட்ஸ்அப்பிலும் சொல்லிவிடுதல் என்றும் எழுதுங்கள், பேசுங்கள். "வவுனியாவில் மென்பொருள் வேலை செய்யும் அக்கா ஒருவர் என்னை ஆற்றுப்படுத்தினார்" என்று ஒரு பிள்ளை தன் நன்றியுரையில் எழுதினால், எவரும் அதை றவுட்டர் என்று படம் கீறமாட்டார்கள்.