கொலுசு கறுத்தால் வெள்ளி எங்கே போகிறது?

வாசகி ஒருவர் கேட்டிருந்தார். அம்மா இறந்த பிறகு அவருடைய கொலுசை வெல்வெட் பெட்டியில் போட்டு பீரோவில் வைத்திருந்தாராம். சில வருடம் கழித்து மகளுக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று எடுத்தால் கரியாகக் கறுத்துக் கிடக்கிறது. நகைக்கடையில், "டச் கம்மிங்க, இதைப் போட்டுட்டுப் புதுசா எடுத்துக்கோங்க" என்றிருக்கிறார்கள் (டச் என்றால் வெள்ளியின் சுத்தம்). சொந்தக்காரர் ஒருவர், இறந்தவர் நகையை எடுத்து வைத்தால் இப்படித்தான் ஆகும் என்றிருக்கிறார். புளி, பற்பொடி என்று எதையாவது போட்டுத் தேய்க்கலாமா, இல்லை கொடுத்துவிடலாமா என்பது கேள்வி.

கொடுக்காதீர்கள். தேய்க்கவும் வேண்டாம். அந்தக் கறுப்பில் எடைக்கு எடை 87 சதவீதம் உங்கள் அம்மாவின் வெள்ளிதான். அதைத் திரும்ப வெள்ளியாகவே கொலுசில் உட்கார வைக்க முடியும்.

இரும்பு ஆக்சிஜனால் துருப்பிடிக்கிறது என்று பள்ளியில் படித்திருப்போம். சாதாரணக் காற்றில் இருக்கும் ஆக்சிஜனை வெள்ளி பெரிதாகக் கண்டுகொள்வதில்லை, அதற்குக் கந்தகம்தான் ஆகாது. சாக்கடை, அழுகும் குப்பை, கூவம் போன்ற நாறும் நீர் இங்கெல்லாம் இருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு, காற்றில் நூறு கோடிப் பங்கில் ஏதோ சில பங்கு கலந்திருந்தாலே போதும். நம் மூக்குக்கு வாசனையே தெரியாத அந்த அளவிலும் வெள்ளி அதைப் பிடித்துக்கொண்டு வெள்ளி சல்ஃபைடாக மாறும். காற்றில் ஈரம் இருந்தால் இன்னும் வேகம், அதனால் நம் கடற்கரை ஊர்களில் இது சீக்கிரம் நடக்கும். வெள்ளிக் கரண்டியால் அவித்த முட்டையைச் சாப்பிட்டால் கரண்டி கறுப்பதும், ரப்பர் பேண்டு போட்டுச் சுற்றி வைத்த வெள்ளியில் பேண்டு பட்ட இடத்தில் மட்டும் கோடு விழுவதும் இதே கந்தகத்தின் வேலைதான்.

கவனித்துப் பார்த்திருந்தால் தெரியும், வெள்ளி எடுத்த எடுப்பில் கறுப்பாகாது. முதலில் லேசான மஞ்சள், அப்புறம் பழுப்பு, அப்புறம் ஊதாவும் நீலமுமாக ஒரு மினுக்கு, கடைசியில்தான் கறுப்பு. மழைநாளில் ரோட்டில் சிந்திய பெட்ரோல் வானவில் காட்டுகிறதே, அதே இயற்பியல்தான் இங்கேயும். வெள்ளி சல்ஃபைடு ஒரு மெல்லிய படலமாகப் படிகிறது. படலத்தின் மேல்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் சேரும்போது சில நிறங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. படலம் சில பத்து நானோமீட்டர் தடித்தாலே நிறம் மாறிவிடும். மஞ்சளாகிறதே, போலி வெள்ளியோ என்று பயப்படுபவர்கள் உண்டு, சுத்த வெள்ளியும் அப்படித்தான் மஞ்சளாகும்.

டச் விஷயம் பாதி உண்மை. சுத்த வெள்ளி மிருதுவானது, கொலுசாகச் செய்தால் வளைந்தே தேயும், அதனால் செம்பு சேர்க்கிறார்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வெள்ளித் தரங்களில் 925 என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, 800 என்றால் 800 பங்கு. செம்பும் கறுக்கும் என்பதால் டச் குறைந்த கொலுசு சீக்கிரம் நிறம் மாறலாம். ஆனால் கறுப்பை மட்டும் பார்த்து டச் சொல்ல முடியாது. தரம் தெரிய வேண்டுமானால் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

இறந்தவர் நகை என்ற பேச்சு எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கிறது. மெட்டி கறுத்தால் புருஷனுக்கு ஆகாது, அரைஞாண் கறுத்தால் குழந்தைக்குக் கண்பட்டுவிட்டது, கொலுசு கறுத்தால் அந்தப் பெண்ணுக்கு ஏதோ சீக்கு என்று வீட்டில் உள்ள பெண்கள் மேலேயே எல்லாவற்றையும் ஏற்றுகிறார்கள். வியர்வையிலும் தோலிலும் இருக்கும் கந்தகச் சேர்மங்களும் உப்பும் ஆளுக்கு ஆள் மாறும், சோப்பு மாறும், வேலை செய்யும் இடம் மாறும், அதனால் ஒரே கடையில் வாங்கிய கொலுசு அக்காவுக்கு வெளுப்பாகவும் தங்கைக்குக் கறுப்பாகவும் இருக்கலாம். அதில் ராசியும் இல்லை, தோஷமும் இல்லை. அம்மாவின் நினைவாக வைத்திருக்கும் ஒரே பொருளைப் பயந்துகொண்டு விற்க வைக்கும் பேச்சை அறியாமை என்று சும்மா விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். வெள்ளி சல்ஃபைடில் இரண்டு வெள்ளி அணுவுக்கு ஒரு கந்தக அணு. வெள்ளியின் அணு எடை சுமார் 108, கந்தகம் 32. கூட்டிப் பார்த்தால் 248-இல் 216 வெள்ளி, அந்த 87 சதவீதம் வந்துவிட்டது. கொலுசின் மேற்பரப்பு 100 சதுர சென்டிமீட்டர், கறுப்பு 100 நானோமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொண்டால் அதில் சிக்கியிருக்கும் வெள்ளி ஏறக்குறைய 6 மில்லிகிராம். 60 கிராம் கொலுசில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கறுப்பு இதைப்போல ஐந்து மடங்கு தடித்திருந்தாலும் பெரிய இழப்பில்லை. இழப்பு தேய்ப்பதில்தான் இருக்கிறது. பற்பசையும் கடையில் சுற்றும் பாலிஷ் சக்கரமும் கறுப்போடு நிற்காமல் அடியில் இருக்கும் நல்ல வெள்ளியையும் சேர்த்தே எடுக்கும், அதிலும் மேடாக இருக்கும் பூ வேலைதான் முதலில் போகும். சின்ன பாட்டில்களில் விற்கும் முக்கி எடுக்கிற திரவங்கள் பலவும் தயோயூரியாவும் அமிலமும் கலந்தவை. அவை கறுப்பைக் கரைக்கும்போது அதில் இருக்கும் வெள்ளியும் கரைசலோடு போய்விடும். புளி பித்தளைக்கும் செம்புக்கும் அருமையானது, வெள்ளி சல்ஃபைடை அந்த அமிலம் அசைக்காது. பூந்திக்கொட்டை எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், கறுப்பை எடுக்காது.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். வெள்ளி சல்ஃபைடு சாதாரணப் பொருளில்லை. 1833-இல் மைக்கேல் ஃபாரடே இதைச் சூடாக்கிப் பார்த்தபோது மின்சாரம் இன்னும் நன்றாகக் கடந்து போவதைக் கண்டார். உலோகங்களில் இதற்கு நேர்மாறாகத்தான் நடக்கும், சூடேறினால் மின்தடை கூடும். குறைக்கடத்தி (செமிகண்டக்டர்) என்று இன்று நாம் சொல்லும் பொருளின் குணத்தை முதலில் பதிவு செய்தது அங்கேதான். கொலுசில் படிந்திருப்பது அதே பொருள். நூறு வருடம் கழித்து ஜெர்மன் வேதியியலாளர் கார்ல் வாக்னர் இன்னொன்றைக் காட்டினார். கறுப்புப் படலம் தடிக்கும்போது கந்தகம் உள்ளே இறங்கி வருவதில்லை, வெள்ளி அயனிகள்தான் (எலக்ட்ரானை இழந்த வெள்ளி அணுக்கள்) படலத்துக்குள் நுழைந்து வெளியே நடந்து போய் மேற்பரப்பில் காத்திருக்கும் கந்தகத்தோடு சேர்கின்றன. எலக்ட்ரானும் போகும், வெள்ளி அயனியும் போகும் திடப்பொருள் அது. அதனால்தான் வந்த வழியே அதைத் திருப்ப முடிகிறது.

திருப்புவதற்கு என்ன வேண்டும்? கறுப்பில் இருக்கும் ஒவ்வொரு வெள்ளி அணுவுக்கும் ஓர் எலக்ட்ரான் குறைகிறது. அதைக் கொடுத்துவிட்டால் அது மறுபடி உலோகம். எலக்ட்ரானைத் தாராளமாகக் கொடுக்க அலுமினியம் இருக்கிறது, அணுவுக்கு மூன்று. ஆனால் அலுமினியம் காற்று பட்டதும் சில நானோமீட்டர் தடிமனுக்குத் தன்மேல் ஆக்சைடுத் தோல் போர்த்திக்கொள்ளும், அந்தத் தோல் இருக்கும்வரை எதுவும் நடக்காது. சூடான தண்ணீரில் ஆப்ப சோடா போட்டால் காரத்தன்மை வந்து அந்தத் தோலைக் கரைக்கத் தொடங்கும், உப்பில் இருக்கும் குளோரைடு இன்னும் அங்கங்கே துளைக்கும். இப்போது கொலுசு அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், தொடும் புள்ளி வழியாக எலக்ட்ரான்கள் கொலுசுக்குள் ஓடி, வளையம் வளையமாகப் போய், கறுப்புப் படலத்தை அடைந்து அங்கே வெள்ளி அயனிகளோடு சேர்கின்றன. தனித்துவிடப்பட்ட கந்தகம் தண்ணீருக்குள் போகிறது. சுற்றை முடிக்க அயனிகள் தண்ணீர் வழியாக நகர வேண்டும், உப்பும் சோடாவும் அதற்கும்தான். வெளியே மின்கம்பி இல்லாமல், சமையலறைக் கிண்ணத்துக்குள் ஒரு மின்கலம் ஓடுகிறது!

அப்போது லேசாக அழுகிய முட்டை வாசனை வரும். காற்றில் இருந்து கொலுசுக்கு வந்த அதே வாயுதான், ஹைட்ரஜன் சல்ஃபைடு. அந்த வாசனை வரும்போதெல்லாம் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

செய்முறை சின்னது. கண்ணாடி அல்லது பீங்கான் கிண்ணத்தில் பார்சலுக்குப் பயன்படுத்தும் அலுமினியம் ஃபாயிலைப் பளபளப்பான பக்கம் மேலே இருக்கும்படி விரித்துக்கொள்ளுங்கள் (எந்தப் பக்கமானாலும் வேலை நடக்கும், பளபளப்பில் மாற்றம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்). கொலுசைச் சோப்புத் தண்ணீரில் கழுவி எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட்டு ஃபாயிலின் மேல் நன்றாகப் படும்படி வையுங்கள். ஒரு லிட்டர் சூடான தண்ணீருக்கு ஒரு பெரிய கரண்டி ஆப்ப சோடா, ஒரு பெரிய கரண்டி உப்பு. நிமிடங்களில் வித்தியாசம் தெரியும். தொடாத வளையங்கள் அப்படியே கறுப்பாக நிற்கும், புரட்டிப் போடுங்கள். கறுப்பு தடித்திருந்தால் புதுத் தண்ணீர், புது ஃபாயிலோடு மறுபடி. செம்பு அதிகம் சேர்ந்த கொலுசு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். திரும்ப வந்த வெள்ளி பஞ்சுபோல நுண்ணிய துகள்களாகப் படிவதால் முதலில் மங்கலான வெண்மையாக இருக்கும், நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து மெல்லிய பருத்தித் துணியால் இதமாக ஒற்றித் தேய்த்தால் பளபளப்பு வரும்.

எல்லா நகைக்கும் இது ஆகாது. கல் பதித்தது, முத்து, பவளம், முலாம் பூசியது எதையும் இதில் போடக்கூடாது. உள்ளே அரக்கு நிரப்பிய பழைய நகையைச் சூடான தண்ணீரில் போட்டால் அரக்கு இளகிவிடும். பூ வேலை எடுப்பாகத் தெரியட்டும் என்று பள்ளங்களில் வேண்டுமென்றே கறுப்பேற்றிய நகைகளில் அந்தக் கறுப்பும் போய் நகை மொட்டையாகிவிடும்.

இதே வேதியியலை வெளியில் இருந்து மின்சாரம் கொடுத்துச் செய்தால் அருங்காட்சியக வேலை. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-இல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் தொடங்கியதே அரிப்பு பிடித்த வெண்கலச் சிலைகளை மின்னாற்பகுப்பு முறையில் மீட்கத்தான். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் வந்ததற்கு அழகப்பச் செட்டியார் 15 லட்சம் ரூபாயும் 300 ஏக்கர் நிலமும் கொடுத்தார், 1953-இல் அது திறக்கப்பட்டது. ஒரு தனிமனிதர் அன்று அறிவியலுக்குக் கொடுத்த அளவை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. கறுப்பை எதிர்க்கும், ஜெர்மானியம் என்ற தனிமம் கலந்த வெள்ளியை 1990களில் உருவாக்கியது இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஜான்ஸ். சேலத்தில் கொலுசுப் பட்டறைகளும் காரைக்குடியில் மின்வேதியியலாளர்களும் இருக்கும்போது, நம் வியர்வைக்கும் நம் காற்று ஈரத்துக்கும் ஏற்ற கொலுசு உலோகம் இங்கேதான் வந்திருக்க வேண்டும். விளம்பரத்துக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கை நகை வியாபாரிகள் அந்த ஆராய்ச்சிக்குத் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாவட்ட அருங்காட்சியகம் ஒவ்வொன்றிலும் ஒரு வேதியியலாளரும், வீட்டுப் பொருள்களை எடுத்துப்போய்க் காட்ட ஒரு நாளும் இருக்க வேண்டும் என்பதும்.

வாசகிக்கு இன்னும் இரண்டு விஷயம். உள்பக்கம் கணுக்காலில் உரசித் தேய்ந்த இடம் வழவழவென்று இருக்கும், அது உங்கள் அம்மா நடந்த தேய்மானம், எந்தப் பாலிஷ் சக்கரத்துக்கும் அதைக் கொடுக்காதீர்கள். திருகாணியோ சலங்கை முத்தோ போயிருந்தால் பற்றவைக்கத் தெரிந்த ஆசாரியிடம் கொடுத்து, அந்த இடத்தை மட்டும் பார்த்தால் போதும், முழுதாக அமிலத்தில் முக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்புறம் அந்த வெல்வெட் பெட்டி வேண்டாம். சில துணிகளிலும் பசைகளிலும் கந்தகச் சேர்மங்கள் இருக்கும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் காட்சிப் பெட்டிக்கான துணி, பசை, மரம் எல்லாவற்றையும் வெள்ளி, ஈயம், செம்புத் துண்டுகளோடு சேர்த்து மூடி, 60 டிகிரி சூட்டில் ஈரத்தோடு 28 நாள் வைத்துப் பார்த்த பிறகே அனுமதிக்கும் ஒரு சோதனை உண்டு, அதை 1970களில் வகுத்தவர் ஆண்ட்ரூ ஆடி. உங்களுக்கு அந்த அளவு பாடு வேண்டாம். நன்றாகக் காயவைத்து, அழுத்தி மூடும் பாலித்தீன் பையில், காற்றை வெளியே தள்ளி, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். கம்பளித் துணியும் ரப்பர் பேண்டும் பக்கத்தில் வேண்டாம். மகள் தினமும் போடுவதாக இருந்தால் இதுவும் தேவையில்லை, நடக்கும்போது படுகிற உரசலே படலத்தைத் தடிக்க விடாது, குளித்ததும் சோப்பு போக அலசித் துடைத்தால் போதும்.