சாதிச் சான்றிதழ்: ஒரு சொல் பிசகினால் இடம் போய்விடும்

எங்கள் தெருவில் ஒரு பெண். அப்பா கொத்தனார். மத்திய அரசுக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்து, சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போனாள். பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தது மிகப் பிற்படுத்தப்பட்டோர் என்று தாலுகா அலுவலகம் கொடுத்த சான்று. "இது இங்கே செல்லாது, ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்று எங்கே?" என்றார்கள். மூன்று நாள் அவகாசம். ஊருக்கு வந்து விண்ணப்பித்து, சான்று கைக்கு வரப் பதினொரு நாள் ஆனது. இடம் போய்விட்டது. பள்ளியில் ஒருவர்கூட அவளிடம் இதைச் சொல்லவில்லை.

தமிழ்நாட்டில் இடஒதுக்கீடு 69 சதவீதம். பிற்படுத்தப்பட்டோருக்கு (பிசி) 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர் (எம்பிசி) மற்றும் சீர்மரபினருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு 18 (அதற்குள் அருந்ததியருக்கு 3), பழங்குடியினருக்கு 1. மத்திய அரசிடம் போனால் இந்தப் பிரிவுகள் அப்படியே இருக்காது. பிசி, எம்பிசி எல்லாருக்கும் அங்கே ஓபிசி என்ற ஒரே பெயர்தான், அதற்குத் தனிச் சான்று வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாநிலச் சான்று ஆயுளுக்கும் செல்லும், ஓபிசி சான்று அப்படியல்ல. பெரும்பாலான மத்திய நிறுவனங்கள் அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதைத்தான் கேட்கும். அதனால் ஏப்ரல் முதல் வாரத்திலேயே விண்ணப்பியுங்கள், தேர்வு முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஓபிசி சான்றுக்கு ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம். நிறையப் பேரைத் தவறாகத் திருப்பி அனுப்புவது இங்கேதான். பார்க்க வேண்டியது பெற்றோரின் வருமானத்தை. உங்கள் சொந்தச் சம்பளத்தையோ, கணவரின் சம்பளத்தையோ அல்ல. விவசாய வருமானம் கணக்கில் சேராது. கடைநிலை அரசு ஊழியரின் சம்பளமும் சேராது. ஆனால் சம்பளச் சீட்டைப் பார்த்ததும் "எட்டு லட்சம் தாண்டுது" என்று தள்ளுபடி செய்கிறார்கள். அங்கே தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள்.

அடுத்தது பெயர். பிள்ளை, முதலியார் என்பவை பட்டங்கள். பட்டியலில் இருப்பவை சோழிய வெள்ளாளர், துளுவ வேளாளர், செங்குந்தர் போன்ற பெயர்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழில் யாரோ ஓர் எழுத்தர் "பிள்ளை" என்று எழுதி வைத்தது முப்பது வருடம் கழித்துப் பேரப்பிள்ளையைப் பொதுப்பிரிவில் தள்ளும். முஸ்லிம் குடும்பங்களுக்கும் இதே சிக்கல்தான். "இஸ்லாம்" என்று மட்டும் இருந்தால் 3.5 சதவீதத்துக்குள் வர முடியாது. லப்பை, ராவுத்தர், மரைக்காயர், தக்கினி, மாப்பிள்ளை, ஷேக், சையது என்று பட்டியலில் உள்ள பிரிவு எழுத்தில் இருக்க வேண்டும். அருந்ததியர் என்றால் சான்றில் வெறும் பட்டியல் சாதி என்று போட்டுக் கொடுத்துவிட்டார்களா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் அன்றே சரியாக எழுத வையுங்கள். பிறகு திருத்துவது பெரும்பாடு.

பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்களின் நிலை எனக்கு மனம் ஆறாத ஒன்று. 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே பட்டியல் சாதியினர். கிறிஸ்தவரானால் தமிழ்நாட்டில் பிசி. எத்தனை தலைமுறைக்கு முன் மாறியிருந்தாலும் அதே பிசிதான். ஞானஸ்நானம் எடுத்ததும் தீண்டாமை போய்விட்டதா? தனிக் கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. ஆனாலும் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். தேவாலயத்துக்குப் போய்க்கொண்டே தாளில் "இந்து" என்று வைத்திருப்பவர்கள் பலர். அப்படி இருந்துகொண்டு பட்டியல் சாதிச் சான்று கேட்ட புதுச்சேரிப் பெண் ஒருவரின் கோரிக்கையை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் நிராகரித்தது. வேலையில் சேர்ந்த பின் சான்று ரத்தானால் வேலையும் போகும். பழங்குடியினருக்கு இந்த மதக் கட்டுப்பாடு இல்லை. அங்கே இருப்பது மாவட்டக் கட்டுப்பாடு. சேலம் மாவட்டம் ஏற்காட்டில் இருக்கும் மலையாளி (கேரளத்தவர் அல்ல, இங்குள்ள மலைவாழ் மக்கள்) பட்டியலில் பழங்குடி. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் இருப்பவர் அதே மக்கள்தான், ஆனால் பட்டியலில் அவர் மாவட்டம் இல்லை.

திருமணமான பெண்களுக்கு ஒன்று. சாதி பிறப்பால்தான், கணவரால் மாறாது. சான்று அப்பா பெயரில், அப்பாவின் ஆவணங்களைக் கொண்டு வாங்க வேண்டும். கணவர் பெயரில் விண்ணப்பித்துவிட்டு இரண்டு மாதம் அலைந்த அக்காவை எனக்குத் தெரியும்.

சரி, அலைச்சலுக்கு வருவோம். இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய், அதற்கு மேல் கேட்டால் கொடுக்காதீர்கள். கோப்பு விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) வழியாக மேலே போகும். பிசி, எம்பிசி என்றால் துணை வட்டாட்சியர், பட்டியல் சாதிக்கு வட்டாட்சியர், பழங்குடிக்குக் கோட்டாட்சியர். விண்ணப்பம் நிற்பது பெரும்பாலும் விஏஓவிடம். "அப்பாவின் சான்று இருந்தால்தான் கொடுக்க முடியும்" என்பார். அப்பா பள்ளிக்கூடமே போகாதவராக இருந்தால்? சித்தப்பா, அத்தை, உடன்பிறந்தவர் என அப்பா வழி உறவில் யாருக்காவது சான்று இருந்தால் அதையும், உறவைக் காட்டும் குடும்ப அட்டையையும் சேர்த்துக் கொடுங்கள்.

"முடியாது" என்று வாயால் சொல்வதை ஏற்றுக்கொண்டு திரும்பாதீர்கள். மறுப்பதை இணையத்திலோ தாளிலோ காரணத்தோடு பதிவு செய்யச் சொல்லுங்கள், அது இல்லாமல் மேல்முறையீட்டில் காட்ட ஒன்றும் இருக்காது. விண்ணப்ப எண் உள்ள ஒப்புகைச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். இரண்டு வாரம் அசைவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் அந்த எண்ணைப் போட்டு மனு கொடுத்து, அதற்கும் ரசீது வாங்குங்கள். எங்கள் தெருவிலேயே இரண்டு சான்று அப்படித்தான் நகர்ந்தது.