மஞ்சள் பொட்டை நம்பலாமா?

சிறுவன் சாலிம் அலி காற்றுத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் தீற்றல் இருந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எடுத்துப்போனதும் செயலாளர் மில்லார்டு அதை மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று அடையாளம் சொன்னார். சாலிம் அலி பறவை ஆய்வுக்குள் வந்த கதை பலருக்கும் தெரியும். அந்தக் குருவியின் குலம் கோத்திரத்தை யாரும் அவ்வளவாக விசாரிப்பதில்லை.

மொராக்கோ, ஸ்பெயின் முதல் மேற்குச் சீனம் வரை மலைச்சரிவுகளில் வாழும் பாறைச்சிட்டுக்கும் தொண்டையில் மஞ்சள் பொட்டு உண்டு. இதையும் நம் சிட்டையும் ஆப்பிரிக்காவின் மூன்று சிட்டுகளையும் பெட்ரோனியா என்ற ஒரே பேரினத்தில் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி) நெடுங்காலம் அடக்கி வைத்திருந்தார்கள். நிறத்தை மட்டும் பார்த்தால் அது நியாயமாகவே படும். ஆனால் பாறைச்சிட்டின் உடலெங்கும் கோடுகள், தலையில் பட்டையான வரிகள். பாறை இடுக்கிலும் சுவர்ப் பொந்திலும் குடியிருக்கும். மற்ற நான்கும் பெரும்பாலும் கோடற்ற, மங்கிய பழுப்பு நிறப் பறவைகள்; மரப்பொந்துவாசிகள். இன்று பெரும்பாலான பறவைப் பட்டியல்களில் இந்த நான்கும் ஜிம்னோரிஸ் என்ற தனிப் பேரினம். பெட்ரோனியாவில் பாறைச்சிட்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது. பொட்டை விட வீட்டைப் பார்ப்பதே மேல் என்பேன்.

நால்வரில் மூவர் ஆப்பிரிக்கர்கள். இருவர் சஹாராவுக்குத் தெற்கேயுள்ள வறண்ட நிலத்தில், மேற்கிலிருந்து எத்தியோப்பியா வரை பரவியிருக்கிறார்கள்; அவர்களில் ஒருவர் செங்கடலைத் தாண்டித் தென்மேற்கு அரேபியாவிலும் உண்டு. மூன்றாமவர் தான்சானியா, ஜாம்பியா எனத் தெற்கு நோக்கிப் போகிறவர். நான்காவதான நம் சிட்டு தென்கிழக்குத் துருக்கி, ஈராக், ஈரான், பாகிஸ்தான் வழியாக இந்தியாவின் பெரும்பகுதியிலும் பரவியிருக்கிறது. மேற்கே கூடுகட்டுபவை குளிர்காலத்தில் கிழக்கே வந்துவிடும். இந்தியாவில் வாழ்பவை பெரும்பாலும் ஊரைவிட்டு நகர்வதில்லை. நான்குக்கும் பொதுவான தேவை ஒன்று: பொந்துள்ள மரங்களோடு கூடிய திறந்த, வறண்ட காடு. அடர்ந்த மழைக்காட்டில் இவற்றைத் தேடிப் பயனில்லை.

தானியமும் பூச்சியும் தின்னும் நம் சிட்டு தேனும் குடிக்கும். இலவம், இலுப்பை பூக்கும் காலத்தில் நெற்றியெல்லாம் மகரந்தம் அப்பிக்கொண்டிருக்கும். பெண் சிட்டின் தொண்டை மஞ்சள் மிக மங்கலானது, சில சமயம் கண்ணுக்கே படாது. ஆணாக இருந்தால் தோளில் செம்பழுப்புத் திட்டும் சிறகில் வெள்ளைப் பட்டையும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.