ஃப்ளாக்கில் போட்டாச்சு, சரி… எங்கே வைத்திருக்கிறீர்கள்?

பழைய வண்ணாரப்பேட்டையில் கணினி சர்வீஸும் ஹார்டு டிஸ்க் டேட்டா ரெக்கவரியும் செய்கிறேன். கடைக்கு வருகிறவர்களில் பாட்டுக்காரர்கள் என்று ஒரு தனி ரகம் உண்டு. பாடுகிறவர்களைச் சொல்லவில்லை, சேர்க்கிறவர்களை. ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் விடிய விடியப் பாடிய கானா கேசட்டுகள், சர்ச் பாடகர் குழுவின் பதிவுகள், பர்மா பஜாரில் வாங்கிய சிடிகள் என்று பீரோ நிறைய வைத்திருப்பார்கள். இப்போது பலரும் விவரமாகிவிட்டார்கள். எம்பி3-க்குப் பதில் ஃப்ளாக் (FLAC) என்ற ஒலிக்கோப்பு வகையைக் கேட்கிறார்கள். "எம்பி3 வேணாம்ணா, ஃப்ளாக்லயே போட்டுக் கொடுங்க" என்பார்கள். சந்தோஷம். ஆனால் அப்படிப் போட்ட மொத்தமும் ஒரே ஒரு டிஸ்க்கில் கிடக்கும். அது படுத்த பிறகுதான் மறுபடி கடைக்கு வருவார்கள்.

முதலில் ஃப்ளாக் என்ன செய்யும் என்பதைப் பார்த்துவிடலாம். ஆடியோ சிடியில் ஒலியை ஒரு நொடிக்கு 44,100 முறை அளந்து எழுதிய எண்கள் (மாதிரிகள்), ஒவ்வொன்றும் 16 பிட், இடம் வலம் என்று இரண்டு சேனல். கணக்குப் போட்டால் நொடிக்கு 1,411 கிலோபிட், நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. 128 கிலோபிட் எம்பி3 என்றால் அதில் பதினொன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். காதுக்குப் பெரிதாகத் தெரியாது என்று அது கருதியதை எல்லாம் தூக்கி எறிந்துவிடும். எறிந்தது திரும்பி வராது. 2001-இல் வந்த ஃப்ளாக் எதையும் எறிவதில்லை. பெரும்பாலான பாட்டுகளைப் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குச் சுருக்கி, திறக்கும்போது ஒரு பிட் கூட மாறாமல் தரும். ஆகவே நூறு பாட்டு அடங்கிய பழைய எம்பி3 சிடியை ஃப்ளாக்காக மாற்றித் தரச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன். கோப்பு பெரிதாகும், வேறு எதுவும் ஆகாது. எம்பி3-ஐ எம்பி3-ஆகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கேசட்டைக் கணினிக்கு ஏற்றும்போது 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தாராளம். ஒரு மணி நேரத்துக்குச் சுருக்காமல் ஒரு ஜிபி அளவு வரும். 192 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் அதைப் போல நான்கு மடங்கு. கூடுதலாகக் கிடைப்பது டேப்பின் இரைச்சல், அதுவும் வெகு துல்லியமாக. அதற்காகக் கூடுதல் டிஸ்க் வாங்கும் பணத்துக்கு, டேப்பைப் படிக்கும் பிளேயரின் ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, ஹெட்டின் சாய்வைச் சரிசெய்தால் பாட்டு நிஜமாகவே தெளியும். இன்னொன்று, இத்தனையும் செய்துவிட்டு சாதாரண புளூடூத் ஸ்பீக்கரில் கேட்கிறவர்கள் உண்டு. புளூடூத் அதை வழியிலேயே மறுபடி சுருக்கித்தான் அனுப்பும். கேட்கட்டும், தப்பில்லை. ஃப்ளாக்கின் உண்மையான பயன் பாதுகாத்து வைப்பதில்தான் என்பது என் கட்சி.

வைக்கும் இடத்துக்கு வருவோம். ஒரு மணி நேர சிடி ஃப்ளாக்கில் 350 எம்பி என்று வைத்தால், 1 டிபி டிஸ்க்கில் 2,500 சிடிக்கு மேல் அடங்கும். (விண்டோஸ் 931 ஜிபி என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, இருவரும் எண்ணும் முறை வேறு.) பாட்டுக்கு மட்டும் என்றால் இரண்டு மூன்று சாதாரண எக்ஸ்டர்னல் டிஸ்க்கே போதும். ஆனால் ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் விசாரித்துவிட்டு வருகிறவர்கள் நாஸ் (NAS) பெட்டிதான், அதாவது வீட்டு நெட்வொர்க்கில் மாட்டும் டிஸ்க் பெட்டிதான் வேண்டும் என்று நிற்கிறார்கள். உள்ளே இரண்டு டிஸ்க், ஒன்றின் நகல் மற்றொன்றில் தானாக விழும், ஆகவே பேக்கப் ஆகிவிட்டது என்பது நினைப்பு. வீடு முழுக்க டிவி, ஃபோன் எல்லாவற்றிலும் பாட்டு ஓட நாஸ் நல்ல வசதி. பேக்கப் மட்டும் கிடையாது. ஒரு டிஸ்க் செத்தால் மற்றது காப்பாற்றும், அவ்வளவுதான். வீட்டில் யாராவது ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் அதே நொடியில் அழியும். ஆல்பம் பெயர்களைச் சரிசெய்கிறேன் என்று ஒரு மென்பொருள் ஆயிரக்கணக்கான கோப்புகளின் பெயரைக் குழப்பினால் அந்தக் குழப்பமும் இரண்டிலும் இருக்கும்.

இதைவிட அடிக்கடி நடப்பது ஒன்று சொல்கிறேன். பாட்டு டிஸ்க்கை டிவியிலோ செட்டாப் பாக்ஸிலோ செருகுவார்கள். நிகழ்ச்சியைப் பதிவு செய்ய டிஸ்க்கை ஃபார்மட் பண்ணட்டுமா என்று திரையில் கேட்கும். ரிமோட் கையில் இருப்பவர் ஓகே அழுத்துவார். கதை முடிந்தது. டிவிக்கு ஒரு பென்டிரைவில் வேண்டிய பாட்டை மட்டும் போட்டுக் கொடுங்கள்.

ஃப்ளாக்கில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. எனக்கு அதுதான் அதன் ஆகப் பெரிய குணம். பாட்டைச் சுருக்கும்போதே, மூல ஒலிக்கான எம்டி5 என்ற சரிபார்ப்பு எண்ணைக் கோப்பின் தலைப்பில் எழுதி வைத்துவிடும். உள்ளே ஒவ்வொரு சிறு துண்டுக்கும் தனியாக ஒரு சோதனை எண்ணும் உண்டு. பத்து வருடம் கழித்து அந்தக் கோப்பைச் சோதித்தால் முழுதாக இருக்கிறதா, எங்காவது அரித்திருக்கிறதா என்று அதுவே சொல்லிவிடும். ஃபூபார்2000 போன்ற இலவச மென்பொருளில் மொத்த ஃபோல்டரையும் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகலாம், காலையில் பட்டியல் தயாராக இருக்கும். சுருக்காத சாதாரண வேவ் (WAV) கோப்பில் இந்த வசதி கிடையாது. டிஸ்க் கெட்டுப்போக ஆரம்பிப்பது பெரும்பாலும் சத்தமில்லாமல்தான். பெயர் இருக்கும், அளவு இருக்கும், நடுவில் நாலு நொடி குப்பையாகியிருக்கும். பழைய காப்பியை அழித்துவிட்டுப் புதிதாகக் காப்பி எடுக்கிறவர்கள், நன்றாக இருந்ததை அழித்து அந்தக் குப்பையை அதன் இடத்தில் வைத்துவிடுகிறார்கள். காப்பி எடுக்கும் முன்னால் சோதியுங்கள். இரண்டு காப்பி இருந்து ஒன்றில் பிழை காட்டினால், எது நல்லது என்ற சந்தேகமே வராது.

கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர்களில் சில வகை வந்தாலும் இந்தத் துண்டு அமைப்பு கைகொடுக்கும். திருட்டு மென்பொருள் வழியாகப் பல வீட்டுக் கணினிகளுக்குள் புகுந்த ஸ்டாப் டிஜேவு (STOP/Djvu) என்ற ரான்சம்வேர், கோப்பின் முதல் 150 கேபி அளவைத்தான் பூட்டும். ஃப்ளாக்கில் அது ஒன்றிரண்டு நொடிப் பாட்டு. மீதித் துண்டுகளை எடுத்துப் புதுத் தலைப்பு சேர்த்தால் பாட்டு ஓடும். அதனால் பணம் கட்டாதீர்கள், டிஸ்க்கை ஃபார்மட்டும் பண்ணாதீர்கள்.

நம்ம ஏரியாவுக்கென்று இரண்டு வில்லன்கள் உண்டு. ஒன்று உப்புக் காற்று. காசிமேட்டிலிருந்து வரும் டிஸ்க்குகளில் அடிப்பக்க சர்க்யூட் போர்டை நட்சத்திரத் தலை ஸ்குரூ கழற்றித் திருப்பினால், மோட்டாருக்கும் ஹெட்டுக்கும் தொடர்பு தரும் உலோகப் புள்ளிகள் கருத்துப் போயிருக்கும். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து மாட்டியதும் சில டிஸ்க்குகள் ஒன்றும் நடக்காதது போல ஓடும். எல்லாமும் ஓடாது. தினமும் பயன்படுத்தாத டிஸ்க்கைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், சில மாதங்களுக்கு ஒரு முறை எடுத்து ஓட்டுங்கள்.

இன்னொன்று தண்ணீர். 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தரைத்தள வீடுகளில் என்ன ஆனது என்று நான் சொல்லத் தேவையில்லை. சாதாரண ஹார்டு டிஸ்க்கின் மூடியில் காற்றழுத்தத்துக்காக ஒரு சிறு துளை இருக்கும், தண்ணீர் அதன் வழியாகவே போய்விடும். நனைந்த டிஸ்க்கை வெயிலில் காய வைக்காதீர்கள், அரிசியில் புதைக்காதீர்கள். சேறு உள்ளே தகட்டில் காய்ந்து ஒட்டினால் வேலை பல மடங்கு கடினம். மின்சாரம் கொடுக்காமல், ஈரத்தோடே பிளாஸ்டிக் பையில் மூடிக் கொண்டு வாருங்கள். டிக் டிக் என்று சத்தம் போடும் டிஸ்க்குக்கும் இதே விதி: இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாமே என்ற ஆசை வேண்டாம்.

ஆகவே மூன்று காப்பி. கேட்கும் டிஸ்க் ஒன்று, அலமாரி மேல்தட்டில் ஒன்று, மூன்றாவது வேறு ஏரியாவில். வியாசர்பாடிக்காரர் மாதவரத்து அக்கா வீட்டு இரண்டாவது மாடியில் வைக்கலாம். அடுத்த தெரு மச்சான் வீடு கணக்கில் வராது, அங்கேயும் அதே தண்ணீர்தான். பென்டிரைவையும் எஸ்எஸ்டியையும் இந்த வேலைக்கு நம்ப வேண்டாம், மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தால் பதிந்தது கசியும். எழுதும் சிடிகளும் அப்படியே, சாயம் மங்கிவிடும்.

கடைசியாகப் பெயர். சினிமாப் பாட்டுக்கு இணையத்திலிருந்து விவரம் தானாக வந்துவிடும். சாவு வீட்டு கானாவுக்கு எங்கிருந்து வரும்? "சைடு ஏ புதுசு 2" என்றுதான் கேசட் உறையில் இருக்கும். ஃப்ளாக் கோப்புக்குள் தமிழிலேயே விவரம் எழுதலாம், பழைய எம்பி3-களில் வந்தது போலக் கேள்விக்குறிகளாக மாறாது. யார் பாடியது, டோலக் யார், எந்தத் தெரு, ஏறக்குறைய எந்த வருடம் என்று வீட்டுப் பெரியவர்களை உட்கார வைத்துக் கேட்டுத் தட்டச்சு செய்யுங்கள். தெரியாததை ஊகித்து எழுதாமல் காலியாக விடுங்கள். இந்த வேலை முடிந்த பிறகே மற்ற இரண்டு காப்பிகளையும் எடுங்கள், இல்லையென்றால் மூன்று இடத்திலும் தனித்தனியாகத் திருத்திக்கொண்டிருக்க வேண்டும்.