‘ரீகால்’ என்பது திரும்ப அழைத்தல் அன்று

அமெரிக்கச் செய்தி ஒன்றைத் தமிழில் படித்த நண்பர் ஒருவர் என்னிடம், “இந்தத் தலைவர் எங்கே போயிருந்தார், மக்கள் திரும்ப அழைப்பதற்கு?” என்று கேட்டார். அவர் காட்டிய வாக்கியம் இது: ‘கண்காணிப்பாளரைக் காரணமின்றி நீக்கிய சர்ச்சையில், பள்ளி வாரியத் தலைவரை மக்கள் வாக்களித்துத் திரும்ப அழைத்தனர்.’ நண்பர் பிழையாகப் படிக்கவில்லை. வேலைநிறுத்தம் முடிந்து, நீக்கப்பட்டவர்களை நிர்வாகம் திரும்ப அழைத்தது என்று நாளிதழ்களில் பல்லாண்டுகளாகப் படித்து வருகிறோம். அங்கே அத்தொடருக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்தல் என்று பொருள். இங்கே நடந்ததோ கையிலிருந்த பதவியைப் பறித்தது. செய்திக்கு நேர்மாறான பொருளைத் தருகிற மொழிபெயர்ப்பை இதற்கு முன்பும் பலமுறை பொறுத்துக்கொண்டேன். இம்முறை எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் நடந்தது என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். கலிபோர்னியாவின் தென்பகுதியில், ரிவர்சைட் கவுண்டியில் டெமெக்குலா என்று ஓர் ஊர் இருக்கிறது. அவ்வூர்ப் பள்ளிகளை நடத்துவது ஐவர் கொண்ட வாரியம். ஐவரும் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள். 2022 நவம்பர் தேர்தலில் வாரியத்தின் பெரும்பான்மை மாறியது. பாடத்திட்டம், பாடநூல் ஆகியவற்றில் தொடங்கிய பூசல் முற்றி, 2023 ஜூன் மாதத்தில், பள்ளிகளின் தலைமை நிர்வாகியை மூன்றுக்கு இரண்டு என்ற வாக்குக் கணக்கில் வாரியம் பணியிலிருந்து நீக்கியது. அந்த நிர்வாகி வாரியத்தால் ஒப்பந்தத்தில் அமர்த்தப்படுகிறவர். அவர்மேல் குற்றம் எதுவும் சுமத்தப்படவில்லை. அடுத்த ஆண்டு, 2024 ஜூன் 4 அன்று, வாரியத் தலைவர் ஜோசப் கொம்ராஸ்கியின் தொகுதி மக்கள் வாக்களித்து, மிகச் சிறிய வேறுபாட்டில், அவரை இறக்கினார்கள். இந்த இறக்கத்துக்குத்தான் ஆங்கிலத்தில் ‘ரீகால்’ என்று பெயர்.

சொல்லின் பிறப்பை நீட்ட வேண்டியதில்லை. ‘ரீ’ என்பது ‘மறுபடி, பின்னோக்கி’ என்னும் இலத்தீன் முன்னொட்டு. ‘கால்’ என்பது வடபுலத்து நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த ‘கூப்பிடு’ என்னும் வினை. இரண்டும் சேர்ந்து ‘பின்னே கூப்பிடு’ என்றாகி, பிறகு நினைவுகூர்தல், தூதரைத் தாய்நாட்டுக்கு வரவழைத்தல், பழுதுள்ள பொருளைக் கடைகளிலிருந்து எடுத்துக்கொள்ளுதல் என்று பல கிளைகள் விட்டது. இவற்றில் ஒன்றுதான் அரசியல் கிளை. 1781 இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கக் கூட்டமைப்பு விதிகளில், ஒவ்வொரு மாநிலமும் தான் அனுப்பிய பேராளர்களை எப்போது வேண்டுமானாலும் வரவழைத்துக்கொண்டு வேறு ஆள்களை அனுப்பலாம் என்று எழுதப்பட்டிருந்தது. அந்தக் காலத்துக்கு அந்தச் சொல் பொருந்தியது. பேராளர் உண்மையிலேயே ஊரைவிட்டுப் போயிருந்தார். மாநிலம் அவரை உண்மையிலேயே வீட்டுக்குக் கூப்பிட்டது. 1787 இல் எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டத்தில் அவ்விதி இடம்பெறவில்லை. பின்னர் 1903 இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரச் சாசனத்திலும், 1908 இல் ஓரிகன் மாநிலத்திலும், 1911 இல் கலிபோர்னியாவிலும் அது உயிர் பெற்றபோது, பெயர் பழையதாகவே இருக்க, செய்கை வேறாகிவிட்டது. இப்போது கூப்பிடுகிறவர் யாரும் இல்லை. வாக்காளர் கூப்பிடுவதில்லை, விலக்குகிறார். பள்ளி வாரிய உறுப்பினரோ இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவர்; அவரைத் திரும்ப அழைப்பதற்கு அவர் எங்கும் போகவில்லை.

ஆங்கிலத்துக்கு இது ஒரு தொல்லையே அன்று, ஏனெனில் அங்கே அந்தச் சொல் தேய்ந்து தேய்ந்து, ‘கூப்பிடுதல்’ என்ற உறுப்பை யாரும் காதில் வாங்குவதில்லை. தமிழில் ‘அழை’ என்னும் சொல் தேயவில்லை. திருமணத்துக்கு அழைக்கிறோம், வீட்டுக்கு அழைக்கிறோம், பெண்ணழைப்பு, மாப்பிள்ளை அழைப்பு என்று சடங்குக்கே பெயர் வைத்திருக்கிறோம். மரியாதை தராத அழைப்பு நம் பேச்சில் அரிது. ஒருவரை அவமதித்து இறக்குவதற்கு இந்தச் சொல்லை எடுத்து ஆள்வது, அகராதியின் முதல் வரியைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிற பழக்கத்தினால் வருவது.

இதைச் சொன்னால் தனித்தமிழ் அன்பர்கள் ‘மீளழைப்பு’ என்ற சொல்லை நீட்டுகிறார்கள். சுருக்கமாக இருக்கிறது, வடசொல் கலப்பில்லை, தலைப்பில் அடங்கும் என்கிறார்கள். இந்தச் சொல்லோடு எனக்குப் பெரிய வழக்கு உண்டு. ‘திரும்ப அழைத்தல்’ செய்கிற தவற்றையே இதுவும் செய்கிறது. சற்று மிடுக்கான உடையில் செய்கிறது, அவ்வளவுதான். ‘அழைப்பு’ என்ற பெயர்ச்சொல்லைக் கைப்பேசி முழுவதுமாகத் தன்வயப்படுத்திக்கொண்ட காலம் இது. உள்வரும் அழைப்பு, தவறிய அழைப்பு என்று திரையில் பார்த்துப் பழகிய இளைஞரிடம் ‘மீளழைப்பு’ என்று சொன்னால், தவறவிட்ட எண்ணுக்கு மறுபடி பேசுவதைத்தான் நினைப்பார். பள்ளி வாரியம் அவர் நினைவின் ஓரத்துக்குக்கூட வராது.

இலக்கண வழியாகப் பார்த்தாலும் அது நொண்டுகிறது. ‘மீள்’ தன்வினை, தானே திரும்பி வருதலைக் குறிக்கும். போனவன் மீண்டான் என்போம். பிறிதொன்றைத் திருப்பிக் கொணர்வது ‘மீட்டல்’. கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்டார்கள் என்பதுதான் பழைய வழக்கு. ஆகவே ஒருவர் இன்னொருவரைத் திரும்பக் கூப்பிடுவதற்கு இலக்கணம் பார்த்துச் சொல் செய்வதானால் ‘மீட்டழைப்பு’ என்றுதான் செய்ய வேண்டும். அப்படிச் செய்தாலோ, ஆபத்திலிருந்தவரைக் காப்பாற்றி அழைத்து வந்ததுபோல ஒலிக்கும். இலங்கை வழக்கில் வேரூன்றிய மீள்குடியேற்றம் நல்ல சொல், ஏனெனில் அங்கே மக்கள் தாமே திரும்பிக் குடியேறுகிறார்கள். அதைப் பார்த்து, ஆங்கிலத்தில் ‘ரீ’ என்று தொடங்குகிற ஒவ்வொரு சொல்லின் நெற்றியிலும் ‘மீள்’ என்று பொட்டு வைப்பது சொல்லாக்கம் ஆகாது. தூய்மைக்கு நான் எதிரியல்லன். ஆனால் ஒரு சொல் தமிழ் வேர்களால் ஆனது என்பதாலேயே தமிழாகிவிடுவதில்லை; அது தமிழர் காதில் சரியான பொருளில் விழ வேண்டும்.

‘திரும்பப் பெறுதல்’ என்று எழுதுவோரும் உண்டு. அழைத்தலைவிட இது மேல். கொடுத்ததை எடுத்துக்கொள்ளுதல் என்ற கருத்தாவது இதில் இருக்கிறது. ஆனால் தேர்தல் களத்தில் இந்த இருக்கை ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. வேட்புமனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள் எது என்பது ஒவ்வொரு தேர்தலிலும் நாம் கேட்கிற செய்தி. அங்கே பெறுகிறவர் வேட்பாளர், இங்கே பெறுகிறவர் வாக்காளர். ஒரே களத்தில், எதிரெதிரான இருவருடைய செயலுக்கு ஒரே தொடரை வைத்துக்கொண்டு சட்டம் எழுத முடியாது. மேலும் ‘உறுப்பினரைத் திரும்பப் பெற்றனர்’ என்றால், பிரேக் பழுதான காரைக் கம்பெனி எடுத்துக்கொண்டதுபோல இருக்கிறது.

‘நம்பிக்கையில்லாத் தீர்மானம்’ என்று ஒருமுறை ஒரு விவாதத்தில் கேட்டேன். அது அவைக்குள் இருப்பவர்கள் கொண்டுவருவது. வாக்காளருக்கு அதில் வேலை இல்லை. ‘தகுதிநீக்கம்’ சட்டம் செய்வது, அதற்கு ஒரு குறைபாடு மெய்ப்பிக்கப்பட வேண்டும். கலிபோர்னியாவில் எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. காரணங்களை 200 சொற்களுக்குள் எழுதி அறிவிக்க வேண்டும். உறுப்பினர் ஏழு நாள்களுக்குள் மறுமொழி தரலாம். பின்பு, பதிவான வாக்காளர் தொகைக்கு ஏற்ப, சிறிய ஊரானால் நூற்றுக்கு 30 பேர் வரையிலும், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இடமானால் நூற்றுக்கு 10 பேரும் கையெழுத்திட வேண்டும். பதவியேற்று 90 நாள் ஆகாதவர்மீது இதைத் தொடங்க முடியாது. அந்தக் காரணங்கள் போதுமா என்று எடை போடுவது வாக்காளர் மட்டுமே. அதே நாட்டில் வாஷிங்டன் மாநிலத்தில், முறைகேடோ உறுதிமொழி மீறலோ இருப்பதாகச் சொல்லும் குற்றச்சாட்டு போதுமானதா என்று நீதிமன்றம் பார்த்த பிறகுதான் கையெழுத்தே திரட்ட முடியும்.

இந்த வேறுபாடு உத்திரமேரூர் அன்பர்களுக்கும் மறுமொழி ஆகும். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டில், வாரியத்தில் இருப்பவரிடம் ‘அபராதம் கண்டபோது’ அவரை ஒழிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கணக்குக் காட்டாதவர் மறுபடி குடவோலைக்கு வர முடியாது என்றும் இருக்கிறது. இதைக் காட்டி, ரீகால் 1,100 ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் இருந்தது என்று மேடையில் முழங்குகிறார்கள். பெருமைப்படத்தக்க விதிதான். ஆயினும் அங்கே குற்றம் காணப்பட வேண்டும். ஊரார் வாக்களித்து இறக்குவது என்பது அதில் இல்லை. அந்தக் கல்வெட்டிலிருந்து நாம் பெற்றுக்கொள்ளத்தக்க சொல் ‘வாரியம்’. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று ஊரார் உறுப்பினராக இருந்து நடத்திய அமைப்புக்கு வழங்கிய சொல் அது. இன்று மின்வாரியம், குடிநீர் வாரியம் என்று அரசு அமர்த்துகிற அமைப்புகளுக்கே அதைச் செலவழித்துவிட்டதால், ‘பள்ளி வாரியம்’ என்றால் பொதுத்தேர்வு நடத்துகிற அலுவலகம் என்று எண்ணுகிறோம். சொல்லின்மேல் பிழையில்லை, மக்கள் தேர்ந்தெடுக்கிற வாரியம் என்று ஒருமுறை விளக்கிவிட்டு அதையே எழுதலாம்.

நண்பர் காட்டிய அந்த வாக்கியத்தில் இருந்த மற்ற இரண்டு பிழைகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘கண்காணிப்பாளர்’ என்றால் நமக்கு அலுவலகப் பிரிவுக் கண்காணிப்பாளர், சிறைக் கண்காணிப்பாளர், தேர்வறைக் கண்காணிப்பாளர் என்றுதான் தோன்றும். ஒரு வட்டாரத்துப் பள்ளிகள் அனைத்தையும் நடத்துகிற தலைமை நிர்வாகி தோன்றமாட்டார். ‘காரணமின்றி’ என்பது அதைவிடக் கெடுதல். அது ‘வித்தவுட் காஸ்’ என்னும் ஆங்கிலத் தொடரின் நேர்பெயர்ப்பு. ஒப்பந்தத்தில் அத்தொடரின் பொருள், குற்றம் சுமத்தாமல் நீக்குதல் என்பது. வாரியத்துக்குக் காரணம் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள அதை நிறுவத் தேவையில்லை என்பதே செய்தி. இதைச் சரியாக மொழிபெயர்த்திருந்தால், கதையின் சுவையும் படிப்பவருக்குக் கிடைத்திருக்கும்: குற்றம் சுமத்தாமல் ஒருவரை நீக்கிய வாரியத்தின் தலைவரை, குற்றம் மெய்ப்பிக்கத் தேவையில்லாத ஒரு முறையினால் வாக்காளர் நீக்கினார்கள்.

சரி, வேறு என்ன சொல்வது? ‘வாக்காளர் நீக்கம்’ என்று சுருக்கிவிடலாமே என்றார் அதே நண்பர். வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர்களை அடிப்பதற்கு அந்தத் தொடர் போய்விட்டது; அதை இங்கே கொண்டுவந்தால் புதிய குழப்பம். நான் எழுதுவது ‘வாக்குவழிப் பதவிநீக்கம்’. நீக்கப்படுவது பதவியிலிருந்து என்பதும், நீக்குவது வாக்கு என்பதும் சொல்லிலேயே இருக்கின்றன. அதற்காக நடத்தப்படுகிற தேர்தல் ‘பதவிநீக்க வாக்கெடுப்பு’. கையெழுத்துத் திரட்டுவது ‘பதவிநீக்கக் கோரிக்கை’. நாடாளுமன்றம் நீதிபதியை நீக்குவதும் பதவிநீக்கம்தானே என்று கேட்கலாம். ஆம், அதனால்தான் ‘வாக்குவழி’ என்னும் அடைமொழி. நீளமாக இருக்கிறது என்ற குறையை ஒப்புக்கொள்கிறேன். தலைப்பில் ‘மக்கள் வாக்களித்து நீக்கினர்’ என்று எழுதினால் போதும். எல்லாவற்றையும் ஒரு கலைச்சொல்லுக்குள் அடைத்துத்தான் ஆக வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. பேச்சில் ‘ரீகால்’ என்று சொல்லிவிட்டுப் போவதிலும் எனக்குக் குறையில்லை. தவறான தமிழைவிட அது நேர்மையானது.

மத்தியப் பிரதேசத்தில் நகராட்சித் தலைவர்களை இவ்வாறு நீக்கும் வாக்கெடுப்புகள் நடந்திருக்கின்றன. அங்கே வாக்காளருக்குக் கொடுக்கப்பட்டவை இரண்டு சின்னங்கள்: ஆள் அமர்ந்த நாற்காலி ஒன்று, வெறும் நாற்காலி ஒன்று. சின்னத்தை வரைந்தவர் அகராதியைப் புரட்டவில்லை. வாக்காளர் என்ன செய்யப் போகிறார் என்பதை எண்ணிப் பார்த்து வரைந்தார். அழைப்பு மணியையோ நீட்டிய கையையோ வரையவில்லை.

டெமெக்குலாவின் கதையில் இன்னும் ஒரு பகுதி மிச்சமிருக்கிறது. ஜூன் மாதம் இறக்கப்பட்ட அதே கொம்ராஸ்கி, 2024 நவம்பர் தேர்தலில் மறுபடி நின்று வென்று, வாரியத்துக்கே வந்து சேர்ந்தார். நண்பர் காட்டிய வாக்கியத்தை எழுதியவர் இதையும் தமிழில் எழுத நேர்ந்தால் என்ன செய்வாரோ தெரியவில்லை. ‘திரும்ப அழைத்தனர்’ என்பதை அவர் ஜூன் மாதத்திலேயே செலவழித்துவிட்டார். அந்தத் தொடருக்கு உரிய இடம் நவம்பர்.