சுக்கானில் நூறு கிராம்

போன மாதம் பொறியியல் மாணவர் ஒருவர் வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தார். ஒருவர் மட்டும் அமரும் போட்டிக் கிளைடர், அதாவது இயந்திரமில்லாமல் காற்றில் மிதந்து பறக்கும் விமானம்; இறக்கை நுனிக்கு நுனி 15 மீற்றர். அழகாக வரைந்து, வாலுக்குக் கருஞ்சிவப்பு நிறமும் கொடுத்திருந்தார். ஒரு மீற்றர் கீழே இறங்குவதற்குள் எத்தனை மீற்றர் முன்னே போகும் என்று அரை மணி நேரம் பேசினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

“தம்பி, இந்தச் சுக்கான் எத்தனை கிராம்?” என்று வாலின் பின்னால் இடம் வலம் அசைகிற பலகையைக் காட்டிக் கேட்டேன்.

“அது இன்னும் பார்க்கேல்லை சேர்.”

ஃபைபர் பட்டறைகளில் வேலை செய்தே என் தலை நரைத்துவிட்டது. ட்ரோன் செய்பவர்கள் உட்பட, பறக்கிற எதைக் கட்டுகிறவரும் கடைசியாக யோசிக்கிற சாமான் பெயின்ட்.

முதலில் நிறம். கிளைடர்கள் அநேகமாக எல்லாமே வெள்ளை. கண்ணாடி நாரையும் காபன் நாரையும் பிடித்துவைத்திருக்கும் எபொக்சி ரெசின் சூடேறினால் இளகும். வழமையான கிளைடர்களின் பலத்தை 54 பாகை செல்சியஸ் வரைக்கும்தான் காட்டியிருப்பார்கள். மத்தியான வெயிலில் காலிமுகத்திடலில் நிற்கும் கறுப்புக் காரின் பொனற்றில் கை வைத்துப் பாருங்கள், பிறகு வெள்ளைக் காரில் வையுங்கள். கருஞ்சிவப்பு வால் அத்தோடு போயிற்று.

அப்புறம் வழுவழுப்பு. 1957இல் ஜேர்மனியில் பறந்த பீனிக்ஸ்தான் முதல் கண்ணாடிநார்க் கிளைடர். மரமும் துணியும் தராத வழுவழுப்பு அதில் கிடைத்தது. இன்று போட்டிகளில் பறந்துகொண்டே இறக்கை நெடுகப் பூச்சி துடைக்கிறார்கள். இறக்கை முன்விளிம்பில் நாலு பூச்சி ஒட்டினாலே காற்றோட்டம் குழம்பிவிடும். அதனால் சொந்தக்காரர்களுக்குப் புதுப் பெயின்ட் என்றால் ஒரு ஆசை. வில்லங்கம் அங்கேதான்.

வெளிநாட்டில் நான் பயிற்சி பெற்ற பட்டறைக்கு, வேறெங்கோ பெயின்ட் அடித்த கிளைடர் ஒன்று வந்தது. கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. சுக்கானைக் கழற்றி, பிணைச்சல் அச்சில் கிடையாகத் தாங்கவைத்து, பின்விளிம்பைச் சின்னத் தராசு ஒன்றில் இறக்கினோம். தராசு காட்டும் எடையை, பிணைச்சலுக்கும் அந்த விளிம்புக்கும் இடையிலுள்ள தூரத்தால் பெருக்க வேண்டும். வருகிற எண்ணுக்குத் தயாரிப்பாளரின் கைநூலில் ஓர் எல்லை உண்டு. எல்லையைத் தாண்டியிருந்தது. பழைய பெயின்ட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடித்திருந்தார்கள்.

“நூறு கிராம்தானே” என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். பிணைச்சலுக்கு 10 சென்ரிமீற்றர் பின்னால் 100 கிராம் கூடினால், அதைச் சமன்செய்யப் பிணைச்சலுக்கு 3 சென்ரிமீற்றர் முன்னால் வைக்கும் ஈயம் 333 கிராம் வேண்டும். அத்தனையும் வாலில். விமானத்தின் ஈர்ப்பு மையம் பின்னுக்கு நகரும். சரி, ஈயமும் வைக்கவில்லை என்றால்?

எய்லரோனை எடுத்துக்கொள்வோம்; விமானத்தைப் பக்கவாட்டில் சரிக்க, இறக்கையின் பின்விளிம்பில் பிணைச்சலில் மேலும் கீழும் அசைகிற பலகை அது. வேகமாகப் போகும்போது இறக்கை சற்று மேலே வளைகிறது. பின்பக்கம் கனத்த எய்லரோன் கூடவே எழும்பாமல் பின்தங்கித் தொங்கும். தொங்கினால் தூக்குவிசை கூடும், இறக்கை இன்னும் மேலே போகும். திரும்பி வரும்போது இதே கதை மறுபக்கம். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுகிற மாதிரி, ஒவ்வொரு தடவையும் காற்றே தள்ளிக்கொண்டிருக்கும். ஓரிரு செக்கன்களில் இறக்கையையே பிய்த்துவிடும். இதுதான் ஃபிளட்டர். இது உண்மை வேகத்தைப் பொறுத்து வருவது; உயரத்தில் வேகமானி அந்த வேகத்தைக் குறைத்துக் காட்டும் என்பதால், மேலே போகப் போக உச்ச வேக எல்லையையும் குறைத்து அட்டவணை போட்டிருப்பார்கள்.

புது வடிவம் ஒன்றைத் தரையில் அதிரவைத்து, எந்தப் பகுதி எந்த அதிர்வெண்ணில் ஆடுகிறது என்று அளப்பார்கள். பிறகு சோதனை விமானி பரசூட்டைக் கட்டிக்கொண்டு ஏறுவார். வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் கட்டுப்பாட்டுக் கோலைத் தட்டி, ஆட்டம் அடங்குகிறதா என்று பார்ப்பார். அவ்வளவும் தொழிற்சாலைப் பெயின்ட்டின் தடிப்போடு நடந்த சோதனை. மேலே இரண்டு கோட் அடித்து, நிறுக்காமல் பூட்டினால், என்னைப் பொறுத்தவரை அது எவரும் சோதிக்காத விமானம்.

மாணவர் அடுத்த ஞாயிறு தன் மாதிரி விமானத்தின் இரண்டு சுக்கான்களோடு வந்தார். ஒன்று பெயின்ட் அடித்தது, மற்றது அடிக்காதது. மனைவி மா நிறுக்கிற தராசை இரவல் வாங்கினோம். அடிக்காதது 38 கிராம். அடித்தது 47.