ஏரியில் இறங்கும்போது பச்சை விளக்கு ஆபத்து

"கியர் டவுன், நாலும் பச்சை" என்று மாணவர் தெளிவாகச் சொன்னார். சொன்னது உண்மைதான், விமானத்தின் நான்கு சக்கரங்களும் கீழே இருந்தன, அதைக் காட்டும் விளக்குகளும் பச்சையாக எரிந்தன. ஆனால் எங்களுக்கு முன்னால் இருந்தது ரன்வே இல்லை, ஏரி. இறங்குவதைக் கைவிட்டு, இன்ஜினுக்கு முழு வேகம் கொடுத்து மேலே ஏறினோம்.

கனடாவின் ஒன்டாரியோவில் மிதவை விமானம், அதாவது தண்ணீரில் இறங்க அடியில் மிதவைகள் பொருத்திய விமானம், ஓட்டக் கற்றுத்தருகிறேன். மிதவைகளுக்குள் சக்கரம் மடங்கும் வகை என்றால் ரன்வேயிலும் இறங்கலாம், தண்ணீரிலும் இறங்கலாம். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. சக்கரத்தை இறக்க மறந்து ரன்வேயில் இறங்கினால் மிதவையின் அடிப்பாகம் தேயும், பெரும்பாலும் எல்லோரும் நடந்தே வெளியே வருவார்கள். சக்கரத்தோடு தண்ணீரில் இறங்கினால், அது தண்ணீரில் மாட்டிப் பின்னால் இழுக்கும். விமானத்தின் எடையோ அதற்கு மேலே இருக்கிறது. ஓரிரு நொடிகளில் விமானம் தலைகுப்புறக் கவிழ்ந்துவிடும்.

அந்த மாணவர் கவனக்குறைவானவர் இல்லை. பல வருடம் தரை விமானம் ஓட்டியவர், பச்சை என்றால் பத்திரம் என்று அவர் கைக்கே பழகியிருந்தது. அன்று ரன்வேயிலிருந்து ஏரிக்குப் பத்து நிமிடப் பயணம். கிளம்பியதும் சக்கரத்தை மடக்க மறந்தார். மிதவைகளே காற்றை அவ்வளவு தடுப்பதால், சக்கரம் தொங்கும் வித்தியாசம் வேகத்தில் தெரிவதில்லை.

சக்கர நிலையைச் சொல்லும் எச்சரிக்கைக் குரல் கருவி இருக்கிறதே என்பார்கள். அவசியம் இருக்க வேண்டும். ஆனால் சக்கரம் சரியாக இருந்தாலும் அது ஒவ்வொரு முறையும் பேசும். இருபது முறை கேட்ட பிறகு, காது கேட்கும் முன்பே விரல் அந்தக் குரலை நிறுத்தும் பட்டனை அமுக்கிவிடுகிறது.

அதனால் நான் முதலில் இடத்தைச் சொல்லச் சொல்கிறேன்: "இது தண்ணீர். நாலு சக்கரமும் மேலே இருக்க வேண்டும்." அப்புறம்தான் விளக்கு. பல மிதவைகளில் மேலே என்றால் நீலம், கீழே என்றால் பச்சை. பிறகு ஜன்னல் வழியாகக் கண்ணால் பார்க்க வேண்டும். நடுவில் ரேடியோ குறுக்கிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

காற்றில்லாத நாளில் ஏரி கண்ணாடி போல இருக்கும், உயரம் கண்ணுக்குத் தெரியாது. அப்போது கரையோரமாக வந்து, நிமிடத்துக்கு 150 அடிக்கு மிகாமல் சீராக இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் தொடும்வரை கண்ணை நம்பி எதையும் மாற்றக் கூடாது.

கவிழ்ந்த பிறகு உயிரைப் பறிப்பது பெரும்பாலும் அடி அல்ல, வெளியே வர முடியாமல் போவதுதான். 2009 நவம்பரில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் சட்டர்னா தீவருகே 'பீவர்' ரக மிதவை விமானம் ஒன்று கிளம்பியதும் கடலில் விழுந்தது. எட்டுப் பேரில் ஆறு பேர் மூழ்கி இறந்தார்கள். தலைகீழாகத் தொங்கும்போது மேலே எது, கீழே எது என்று புரியாது. ஒரு கையால் கதவுப் பக்கத்தைப் பிடித்துக்கொண்ட பிறகே சீட் பெல்ட்டைக் கழற்றுங்கள். லைஃப் ஜாக்கெட்டை இடுப்பிலேயே கட்டியிருங்கள், ஆனால் வெளியே வந்த பிறகுதான் ஊத வேண்டும். உள்ளே ஊதினால் அது உங்களைத் தூக்கி, கதவுக்குக் குனிய விடாமல் அங்கேயே அழுத்தி வைத்துவிடும்.

பயணியாக ஏறினாலும் ஒன்று செய்யலாம். பல மிதவைகளின் மூக்கில் சிறு சக்கரம் ஒன்று இருக்கும், மடங்கினால் மேலே வந்து நிற்கும். ஏரியை நெருங்கும்போது உங்கள் பக்கத்துச் சக்கரத்தைப் பாருங்கள். அது கீழே தொங்கினால் உடனே விமானியிடம் சத்தமாகச் சொல்லுங்கள்.